நாலுக்கு ஐந்தில் ஆகாயம்

சிறிய குளியலறையை விசாலமாக உணரவைக்க என்ன வழி என்று கொத்தனாரைக் கேட்டால், வெள்ளை டைல்ஸ் ஒட்டிப் பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டச் சொல்வார். பொறியாளர் இன்னும் நாலைந்து யோசனை சேர்த்துச் சொல்வார். இருவரும் தொடாத ஒரு கேள்வி அதற்கு முன்னால் நிற்கிறது. இல்லாத இடத்தை இருப்பதுபோல் காட்டுவது நேர்மையான காரியமா? நாலடி அகலமும் ஐந்தடி நீளமும் கொண்ட அறை, எந்தச் சாயம் பூசினாலும் 20 சதுர அடிதான். அதை 30 சதுர அடியாக உணரவைப்பது கண்ணை ஏய்ப்பது என்று ஒருவர் சொன்னால் எளிதில் தள்ளிவிட முடியாது. மெய் எது, தோற்றம் எது என்று நூற்றாண்டுக் கணக்கில் வாதாடிவந்த சமய மரபு நம்முடையது. அந்த வாதத்தைக் கோயிலோடும் மடத்தோடும் நிறுத்திவிடாமல் வீட்டின் மிகச் சிறிய அறைக்குள்ளும் கொண்டுபோய்ப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது இதுதான்: விசாலம் சுவர்களின் அளவில் மட்டும் குடியிருப்பதில்லை. உடலுக்கும் இடத்துக்கும் நடுவே நிற்கும் தடைகள் விலகும்போது பிறக்கிற மெய்யான அனுபவம் அது. தடையை விலக்கித் தருகிற விசாலம் பொய்யாகாது. தடையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு அதன்மேல் படம் காட்டினால் அது பொய். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளக் கட்டடக் கலையைவிடச் சைவ சித்தாந்தம் அதிகம் உதவுகிறது என்பது என் துணிபு.

இதைச் சோதித்துப் பார்க்கக் கொல்லிமலை பொருத்தமான இடம். நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில், 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறினால் ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் விரிகிற மலைப்பரப்பு அது. திருப்புலி நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு என்று 14 நாடுகள். ஒவ்வொரு நாடும் இன்று ஓர் ஊராட்சி. மலையாளி எனப்படும் பழங்குடி மக்களே இங்கே பெரும்பான்மை. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் இப்போது மரவள்ளியும் மிளகும் காப்பியும் அன்னாசியும் நிற்கின்றன. குளியல் இங்கே நெடுங்காலம் கூரைக்கு வெளியே நடந்த காரியம். ஓடையோ ஊற்றோ கிணற்றடியோ எதுவானாலும், குளிப்பவர் தலைக்கு மேல் வானம் இருந்தது. வளப்பூர் நாட்டு அறப்பளீசுவரர் கோயிலுக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் ஆகாய கங்கையில் நனைகிறார்கள். அதே மலையில் இப்போது வீட்டுக்கு வீடு சிமென்ட் கல் அறை வந்துவிட்டது. 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தூய்மை பாரத இயக்கம் தனிவீட்டுக் கழிப்பறைக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகை 12,000 ரூபாய். 2024இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் மொத்தப் பரப்பே 360 சதுர அடி. அதில் 20 சதுர அடிக் குளியலறை பதினெட்டில் ஒரு பங்கு. சிமென்டும் மணலும் மலையேறி வர வேண்டிய இடத்தில் அந்தப் பங்கை இன்னும் கூட்டுவது எளிதல்ல. சுற்றிலும் மலை திறந்து கிடக்க, நடுவில் ஒரு சின்னப் பெட்டிக்குள் நின்று குளிக்க வேண்டியிருப்பதுதான் இங்குள்ள முரண்.

அந்தப் பெட்டி மூச்சை முட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நாட்டின் வடபகுதியிலிருந்து சான்று இருக்கிறது. பீகார், ஹரியானா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் கிராமங்களில் ரைஸ் என்ற ஆய்வு நிறுவனம் நடத்தி 2014இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், ஒழுங்காக இயங்கும் கழிப்பறை உள்ள வீடுகளிலேயே 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் ஒருவராவது வெளியேதான் போய்வந்தார். அந்த ஆய்வை நடத்தியவர்களில் இருவரான டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் 2017இல் எழுதிய புத்தகம், இதற்குத் தீட்டு பற்றிய எண்ணத்தையும் குழி நிரம்பிவிடும் என்ற அச்சத்தையும் முக்கியக் காரணங்களாகக் காட்டுகிறது. வெளியே போவது இதமாக இருக்கிறது, சௌகரியமாக இருக்கிறது என்று மக்கள் சொன்ன பதிலும் அந்தக் கணக்கெடுப்பில் பதிவாகியிருக்கிறது. திட்டம் போடுகிறவர்கள் அந்தப் பதிலை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். எனக்கு அது ஒரு தத்துவச் சாட்சியமாகப் படுகிறது. காற்றும் வெளிச்சமும் திறந்த வெளியும் உடலுக்குத் தேவை என்று உடலே சொல்கிற சாட்சியம் அது. வட இந்தியக் கிராமத்துக்கும் கொல்லிமலைக்கும் வழக்கங்கள் வேறு. ஒன்றின் கணக்கை மற்றொன்றின் மேல் சுமத்தக் கூடாது. ஆனால் திறந்தவெளியை விட்டு நாலு சுவருக்குள் வரும் மனித உடல், எதை இழந்தோம் என்று உணரும் விதம் இரண்டு இடத்திலும் வேறாக இருக்க முடியாது. சுகாதாரம், பாதுகாப்பு, பெண்களுக்கு இருட்டும்வரை காத்திருக்க வேண்டாத விடுதலை ஆகியவற்றை அறை தருகிறது. பதிலுக்கு அது எடுத்துக்கொள்வது ஆகாயத்தை. அதில் எவ்வளவைத் திருப்பித் தர முடியும் என்பதே வடிவமைப்பின் கேள்வி.

ஆகாயத்தை எடுத்துக்கொள்ள முடியுமா என்று அத்வைதி கேட்பார். மாண்டூக்கிய காரிகையில் கௌடபாதர் குடத்துக்குள் இருக்கும் வெளியைப் பற்றிப் பேசுகிறார். குடம் செய்யப்பட்டபோது அந்த வெளி புதிதாகப் பிறக்கவில்லை. குடம் உடைந்தால் அது அழியப்போவதுமில்லை. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே ஆகாயம். குடத்தின் ஓடு வெறும் உபாதி, அதாவது மேலே வந்து சேர்ந்த வரம்பு. சீவனும் பிரமமும் ஒன்று என்பதை விளக்க வந்த உவமை இது. இதை அப்படியே குளியலறைக்குப் பொருத்தினால் வினோதமான முடிவு வரும். நாலடி அறைக்குள் இருப்பதும் மலைக்கு மேலே இருப்பதும் ஒரே ஆகாயம் என்றால் எந்த அறையும் சிறியதில்லை, எந்த அறையையும் திருத்த வேண்டியதில்லை, நெருக்கம் என்பதே அறியாமையின் விளைவு. இந்த முடிவை அத்வைதத்தின் மேல் சுமத்துவது நியாயமாகாது. அன்றாட நடைமுறையாகிய வியவகார நிலையில் சுவர் சுவர்தான், முழங்கை இடித்தால் வலிக்கும் என்பதை அந்த மரபும் மறுப்பதில்லை. ஆனாலும் அதன் அழுத்தம் வேறு பக்கம் இருக்கிறது. எல்லை என்பது முடிவில் மெய்யல்ல என்று தேறியபின், எல்லைக்குள் வாழ்வதை எப்படிச் செம்மைப்படுத்துவது என்பது அங்கே பெரிய கேள்வியாக எழுவதில்லை. வாளியைத் தூக்கி வைக்க இடம் இல்லாமல் நிற்கிறவருக்கு உபாதி பற்றிய தெளிவு மட்டும் போதாது. அவருக்கு வேண்டியது, சுவரை மெய்யென்று ஒப்புக்கொண்டு அதற்குள் உதவி தேடும் ஒரு தத்துவம்.

சைவ சித்தாந்தம் அங்கேதான் கைகொடுக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் வகுத்த நெறியில் உலகம் பொய்த்தோற்றம் அல்ல. மாயை என்பது உள்பொருள், உலகுக்கு முதற்காரணம். உயிர் தன் இயல்பில் வியாபகமானது. ஆணவ மலம் என்னும் மூல இருள் அதை அணுவைப்போல் சுருக்கிவைத்திருக்கிறது. அந்தச் சுருக்கத்தைச் சிறிதளவேனும் தளர்த்தத்தான் தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும் மாயையிலிருந்து உயிருக்கு அமைத்துத் தரப்படுகின்றன. அதாவது உடலும் கருவிகளும் இருப்பிடமும் நுகர்வும் உயிரை மயக்க வந்தவை மட்டும் அல்ல. அதன் இருளை ஓரளவு விலக்க வந்த துணைகளும்கூட. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் மாயையை விடியும்வரை உதவும் விளக்குக்கு ஒப்பிட்டார். விளக்கு சூரியன் அல்ல. சூரியன்போல் நடிப்பதும் இல்லை. தன் அளவுக்கு இருளை நீக்குகிறது, நீங்கிய அளவுக்குக் கண்டது மெய். இந்த நோக்கில் குளியலறை ஒரு புவனம். அதற்குள் நிற்பது ஒரு தனு. அந்த அறையில் கிடைக்கும் விசாலம், இல்லாத ஒன்றை மேலே ஒட்டியதால் வருவதில்லை. மறைத்துநின்ற ஒன்று ஓரளவு விலகியதால் வருவது. ஐம்பூதங்களில் ஆகாயத்துக்குச் சித்தாந்திகள் சொல்லும் தொழில், மற்றவற்றுக்கு இடங்கொடுத்து நிற்பது. ஓர் அறை ஆகாயத்தின் இந்தத் தொழிலை எவ்வளவு செய்கிறது என்று கேட்டால் விசாலத்தை அளக்க நல்ல அளவுகோல் கிடைத்துவிடும். எத்தனை சதுர அடி என்ற கேள்வியோடு, எவ்வளவு இடங்கொடுக்கிறது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

அந்த அளவுகோலோடு நாலுக்கு ஐந்தடி அறைக்குள் போய்ப் பார்ப்போம். கதவு இரண்டரை அடி அகலம், உள்பக்கமாகத் திறக்கிறது என்றால், அது திரும்ப வேண்டிய கால்வட்டம் ஏறக்குறைய 5 சதுர அடியை விழுங்குகிறது. அறையில் கால் பங்கு, கதவு திறந்து மூடும் சில நொடிகளுக்காக எப்போதும் காலியாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கீலை மாற்றிக் கதவை வெளிப்பக்கம் திறக்கவைத்தால் அந்தப் பங்கு உள்ளே நிற்பவருக்குத் திரும்பிவருகிறது. உள்ளே வயதானவர் வழுக்கி விழுந்து கதவை அடைத்துக் கிடந்தாலும் வெளியிலிருந்து திறந்துவிடலாம். தண்ணீர் டிரம் மூலையில் நின்றால் தரை அதோடு முடிந்ததாகக் கண் கணக்குப் போடுகிறது. காலும் அப்படியே நடந்துகொள்கிறது. தொட்டியைச் சுவருக்கு அப்பால் வைத்துக் குழாயை மட்டும் உள்ளே விட்டால் மூலை மீள்கிறது. சோப்பும் எண்ணெய்க் கிண்ணமும் வைக்கப் பலகை அடித்தால் அது தோளில் இடிக்கும். ஒன்பது அங்குலச் சுவரில் விளக்கு மாடம்போல ஒரு குழி விட்டால் சுவரே அலமாரியாகிவிடும். மாற்றுத் துணிக்குக் கதவின் மேல்பக்கம் ஒரு கம்பி போதும். தரையின் வாட்டம் ஒரே மூலையை நோக்கி இருந்தால் தண்ணீர் தேங்காது, நனையாத பக்கம் ஒன்று மிஞ்சும். இருபது சதுர அடியில் கால் கூசாமல் நிற்கும் இடம் அதிகமாகும். இவற்றில் எதுவும் கண்ணை ஏமாற்றவில்லை. முன்பே இருந்து நமக்கு எட்டாமல் போன இடத்தை எட்டவைக்கின்றன, அவ்வளவுதான்.

வெளிச்சத்தின் கதை கொஞ்சம் சிக்கலானது. ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஓபர்ஃபெல்டும் ஹெய்கோ ஹெக்ட்டும் மற்றவர்களோடு செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, மேற்கூரையும் சுவரும் வெளிர்நிறமாக இருந்தால் அறை உயரமாகத் தோன்றுகிறது என்று காட்டியது. சுண்ணாம்பு அடித்த சுவரைப் பற்றி நம் ஊரில் பழைய தலைமுறைக்குத் தெரிந்ததைச் சோதனைச்சாலை உறுதிப்படுத்தியது என்று சொல்லலாம். பனியும் ஈரமும் சுவரில் பூஞ்சை பிடிக்கவைக்கும் கொல்லிமலையில் சுண்ணாம்புக்கு இன்னொரு தகுதியும் உண்டு. அதன் காரத்தன்மை பூஞ்சையை அண்டவிடாது. ஆனால் வெள்ளைதான் விசாலம் என்று முடிவு கட்ட வருகிறவரை ஜப்பானிய எழுத்தாளர் ஜூனிச்சிரோ தனிசாகி மறித்து நிற்பார். 1933இல் எழுதிய நிழல்களின் புகழ் என்ற கட்டுரையில் அவர் வெள்ளை டைல்ஸை வெறுக்கிறார். வீட்டிலிருந்து சற்று விலகி, தோட்டத்து இலைகளின் வாசனைக்கும் பாசிக்கும் நடுவே, மங்கலான வெளிச்சத்தில் மழைச்சத்தம் கேட்டபடி இருக்கும் மரக் கழிப்பறையைத்தான் மனம் ஓய்வுகொள்ளும் இடமாகப் போற்றுகிறார். இது என் வாதத்துக்கு எதிரான சாட்சிபோலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் துணைக்குத்தான் வருகிறது. அந்த அறை மங்கலாக இருந்தும் இறுக்கவில்லை என்றால், தோட்டத்தோடு அதற்கு உறவு அறுபடாததே காரணம். அப்படியானால் வெள்ளையும் வெளிச்சமும் கருவிகள் மட்டுமே. வெளியோடு உறவு தொடர்வதுதான் மூலம். குளிர்காற்று அடிக்கும் மலையில் பெரிய சன்னல் வைக்க முடியாது, மறைவும் போய்விடும் என்பது நியாயமான கவலை. அதற்குத் தலைக்கு மேலே வென்டிலேட்டர் இருக்கிறது, ஓட்டுக் கூரையில் கண்ணாடி ஓடு இருக்கிறது, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் செங்கல்லை இடைவிட்டு அடுக்கிக் கட்டிக்காட்டிய ஜாலிச் சுவர் இருக்கிறது. வெளியே நிற்பவர் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் வைத்தால் இவை காற்றையும் வானத்தையும் உள்ளே விட்டு, பார்வையை வெளியே நிறுத்தும்.

இப்போது கண்ணாடிக்கு வருவோம். பெரிய கண்ணாடியை எதிர்ச்சுவரில் மாட்டினால் அறை இரண்டு மடங்காகத் தெரியும் என்பது எல்லோரும் சொல்லும் உத்தி. நான் வகுத்த வேறுபாட்டின்படி இது பொய்ப்பக்கம் விழுகிறது. கண்ணுக்குக் கொடுத்த வாக்கைக் கைக்கு நிறைவேற்ற அதனால் முடியாது. நீட்டிய கை கண்ணாடியில் இடிக்கும். இதற்கு ஒரு மறுப்பு உண்டு: கண்ணாடியைப் பார்த்து அறை இரண்டு மடங்கு என்று நம்புகிறவர் யாரும் இல்லை, நம்பிக்கை பிறக்காத இடத்தில் ஏமாற்று எப்படிப் பிறக்கும்? மறுப்பில் வலு இருக்கிறது, ஒரு பகுதியை ஏற்கிறேன். கோயில்களில் சில சன்னிதிகளில் திருமேனியைச் சுற்றிக் கண்ணாடி பதித்திருப்பதைப் பொய்யென்று எந்தப் பக்தரும் சொல்வதில்லை. அங்கே பிம்பம் பெருகுவது ஒரு பாவனை, எல்லோரும் அறிந்தே ஏற்கும் பாவனை. ஆனால் குளியலறையில் கண்ணாடி செய்யும் வேலை இரண்டு வகை. வென்டிலேட்டருக்கு எதிரே மாட்டினால், வரும் வெளிச்சத்தைத் திருப்பி இருண்ட மூலைக்கு அனுப்புகிறது; அந்த வெளிச்சத்தில் வழுக்கும் இடம் தெரிகிறது. இது மெய்யான உதவி. சன்னலே இல்லாத அறையில் வெற்றுச் சுவரைப் பெருக்கிக் காட்டினால், பெருகுவது சுவர்தான். ஒரே பொருள் ஓரிடத்தில் உதவியாகவும் இன்னோரிடத்தில் பாசாங்காகவும் ஆவதைப் பார்க்கும்போது, பொருளில் குற்றம் இல்லை, அது தடையை நீக்குகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பது விளங்கும்.

துறவு நோக்கிலிருந்து வரும் கேள்வி இதைவிடக் கடுமையானது. கொல்லிமலை சித்தர்களின் மலை என்று பெயர் பெற்றது; ஆகாய கங்கைக்கு அருகே கோரக்கருக்கும் காலாங்கி நாதருக்கும் உரியவையாகக் குகைகளைக் காட்டுகிறார்கள். குனிந்தே நுழைய வேண்டிய குகையில் தவம் இருந்தவர்களின் மலையில், குளியலறை விசாலத்தைப் பற்றிக் கவலைப்படுவது உடம்பின்மேல் கொண்ட பற்று அல்லவா? இரண்டு பதில்கள் உண்டு. குகைக்கு ஒரு பக்கம் சுவர் கிடையாது. சிறியது என்றாலும் அது காட்டை நோக்கித் திறந்திருக்கிறது. ஆகவே குகை, அளவுதான் விசாலத்தைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணத்தை உடைக்கிறதே தவிர, மூடிய பெட்டிக்குச் சான்றாக வராது. அடுத்து, குகையில் தனியாக இருப்பது ஒருவர் தானே தேர்ந்த வாழ்வு. காலையில் பள்ளிக்கும் காட்டு வேலைக்கும் கிளம்பும் ஐந்து பேருக்கு ஒரே அறை என்பது யாரும் தேர்ந்ததல்ல. உடம்பை இழிவென்று முதலில் எண்ணியிருந்து, பிறகு அதற்குள்ளேயே உறுபொருள் இருக்கக் கண்டு, அதை ஓம்பத் தொடங்கியதாகத் திருமூலர் திருமந்திரத்தில் சொல்கிறார். சித்தர் மரபு தன்னுடையது என்று கொண்டாடும் ஒருவரே உடலைப் பேணுவதைப் பற்றாக எண்ணாமல் கடமையாக எடுத்துக்கொண்டிருக்கிறார். தூய்மை நீரில் இல்லை, மனத்தில் இருக்கிறது என்று சடங்குக் குளியலைச் சித்தர்கள் பலர் கேலி செய்தது உண்மைதான். அந்தக் கேலி, குளித்தாலே புண்ணியம் என்று எண்ணுகிறவர்களை நோக்கியது. குளிக்க வசதி இல்லாதவர்களை நோக்கியது அல்ல.

தீட்டு என்ற மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. கழிப்பறை அசுத்தமான இடம், அது வீட்டின் பின்மூலையில் ஒடுங்கியே இருக்கட்டும், அதற்கு வெளிச்சமும் அகலமும் எதற்கு என்ற எண்ணம் பல வீடுகளில் வாய்விட்டுச் சொல்லப்படாமலேயே வரைபடமாகிவிடுகிறது. இந்த எண்ணத்துக்கு வரலாற்றில் தெளிவான பதிவு ஒன்று உண்டு. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது ராஜ்கோட்டில் சுகாதாரக் குழு ஒன்றில் சேர்ந்து வீடு வீடாகக் கழிப்பறைகளைப் பார்வையிட்டதை காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஏழைகள் தயங்காமல் காட்டினார்கள். மேல்தட்டு வீடுகளில் சிலர் பார்க்கவே அனுமதிக்கவில்லை. பார்த்த கழிப்பறைகள் இருண்டு, நாறி, புழு நெளிந்து கிடந்தன. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் வீடுகள் சுத்தமாக இருந்தன. குழு சொன்ன திருத்தங்களில் ஒன்று, வெளிச்சுவருக்கும் கழிப்பறைக்கும் நடுவே உள்ள தடுப்புகளை இடித்து உள்ளே காற்றும் வெளிச்சமும் வரவிடுவது, துப்புரவு செய்பவர் ஒழுங்காகச் சுத்தம் செய்ய வழிவிடுவது. மேல்தட்டினர் பெரிதும் எதிர்த்தது இந்தத் திருத்தத்தைத்தான். பெரும்பாலும் அது நிறைவேறவே இல்லை. ஒரு சுவரை இடிக்க மறுத்ததில் ஒரு முழுச் சமூக ஒழுங்கே அடங்கியிருந்தது. உள்ளே போய் வேலை செய்கிறவர் கணக்கில் வராதவர் என்பதால்தான் அந்த அறை இருட்டாக இருக்கலாம் என்று தோன்றியது. கையால் மலம் அள்ளும் வேலையை ஒழிக்க 2013இல் சட்டம் வந்துவிட்டது. இன்றைய சிறு வீட்டில் அந்த இருட்டறையைக் கழுவுகிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். நெருக்கமான மூலையில் குனிந்து, துடைப்பம் எட்டாத இடத்தில் கையை விட்டுத் தேய்க்க வேண்டியிருப்பது அவருக்குத்தான். அறையை எட்டும்படி அமைப்பது அவருக்குச் செய்யும் நீதி. அசுத்தமான இடம் என்பதற்காக ஓர் இடத்தை இருளில் வைத்தால் அசுத்தம் நிலைக்கும். தீட்டு என்ற கருத்து தான் அஞ்சுவதைத் தானே வளர்த்துவிடுகிறது.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு நியாயத்தைப் பற்றியது. சிறிய இடத்தைப் பெரிதாக உணரக் கற்றுக்கொடுப்பது, ஏழைக்குக் கிடைத்ததோடு திருப்திப்படு என்று சொல்வதன் அலங்காரமான வடிவம் ஆகாதா? மனநிறைவைப் போதித்துப் போதித்தே மண்ணையும் உரிமையையும் பறித்த வரலாறு சமயத்துக்கு இல்லாமல் இல்லை. இந்தக் குற்றச்சாட்டை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. விசால உணர்வை ஆராய்ந்த அமெரிக்கரான ஆர்தர் ஸ்டாம்ப்ஸ், நிறம், உயரம் முதலிய எல்லாவற்றையும்விடத் தரைப்பரப்புக்கே பெரும் பங்கு என்று கண்டார். சாயத்தாலும் சன்னலாலும் ஈடுகட்ட முடியாத ஓர் அளவு இருக்கிறது. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு அந்தக் கீழ்வரம்பை எழுதியே வைத்திருக்கிறது: குளியலறை 1.8 சதுர மீட்டருக்கும், கழிப்பறை 1.1 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் 2.8 சதுர மீட்டர், அகலம் 1.2 மீட்டர். நான் பேசிவரும் நாலுக்கு ஐந்தடி அறை 1.86 சதுர மீட்டர்; குளிக்க மட்டும் என்றால் வரம்பை மயிரிழையில் தாண்டுகிறது, இரண்டுக்கும் சேர்த்து என்றால் தவறுகிறது. வரம்புக்குக் கீழே கட்டிவிட்டு வெள்ளை அடித்தால் போதும் என்று யார் சொன்னாலும் அது மேலே சொன்ன பாசாங்குக் கண்ணாடிக்குச் சமம். சித்தாந்த நெறியும் இதையே சொல்லும். தனுவுக்கு உரிய புவனத்தைக் கொடுக்காமல் போகத்தைக் கற்பனை செய்துகொள் என்று அந்த நெறியில் எங்கும் இல்லை. ஆகவே பரப்பு உரிமை. அது முதலில் வர வேண்டும். ஆனால் உரிமையான பரப்பு கிடைத்த பிறகும் கதவு உள்ளே திறந்து, டிரம் மூலையை அடைத்து, வென்டிலேட்டர் இல்லாமல் போனால் கொடுத்தது வீணாகிறது. பரப்பைக் கேட்பதும் பரப்பைத் திறப்பதும் ஒன்றையொன்று விலக்காத இரண்டு கோரிக்கைகள்.

திறப்பதற்குப் பெரிதாகச் செலவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கதவின் கீலை எந்தப் பக்கம் அடிப்பது என்பதற்குக் கூலி ஒன்றுதான். சுவரில் மாடக்குழி விட்டால் கல் குறையுமே தவிரக் கூடாது. சரிவான கூரையின் உயரமான பக்கத்தைக் குளிக்கும் இடத்தின் மேல் வரும்படி திருப்பினால் ஓர் அடி உயரம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கண்ணாடி ஓடு பகலில் பல்பு எரிக்கும் தேவையை நீக்குகிறது. மலையேறி வரும் ஒவ்வொரு மூட்டை சிமென்டுக்கும் கூடுதல் விலை கொடுக்கும் திருப்புலி நாட்டு வீட்டுக்காரருக்கு, பொருளைக் கூட்டாமல் இடத்தைக் கூட்டும் இந்த வழிகள் சமவெளிக்காரரைவிட அதிகம் பயன்படும். அப்படியிருந்தும் இவை நடக்காமல் போவதற்குப் பணத்தைக் காரணம் காட்ட முடியாது. அந்த அறை யோசனைக்குத் தகுதியானது என்று யாரும் எண்ணாததே காரணம். வரைபடத்தில் வரவேற்பறைக்கும் பூசை அறைக்கும் இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சிய மூலைதான் குளியலறை. திட்டத்தை ஆய்வு செய்ய வருகிற அதிகாரியும் அறை இருக்கிறதா என்று பார்த்துப் புகைப்படம் எடுப்பதோடு நின்றுவிடுகிறார்.

ஒரு சமயக் கருத்து உண்மையில் நம்பப்படுகிறதா என்று அறிய, அது போற்றிப் பேசப்படும் இடத்தைவிட அது யாருக்கும் நினைவுவராத இடத்தைப் பார்ப்பது நல்லது. உடல் இறைவன் தந்த துணை என்றும், உலகம் உயிரின் நெருக்கத்தைத் தளர்த்த வந்த உதவி என்றும் நாம் மெய்யாகவே நம்பினால், உடல் தன் மிகத் தாழ்ந்த தேவையோடு தனியாக நிற்கும் அறையில்தான் அந்த நம்பிக்கை செலவழிய வேண்டும். தில்லை எனப்படும் சிதம்பரத்தில் திரைக்குப் பின்னால் பொன் வில்வ மாலை தொங்கும் வெறுவெளியை இரகசியம் என்று கைகூப்புகிறவர்கள், தங்கள் வீட்டில் ஒருவருக்குக் கைநீட்ட வெளி இருக்கிறதா என்று பார்க்காமல் இருப்பது பக்தியில் ஒரு பெரிய ஓட்டை. வீட்டு வரைபடத்தைக் குளியலறையிலிருந்து தொடங்குங்கள் என்று நான் கேட்பது அழகுக்காக அல்ல. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, பகலில் விளக்கில்லாமல் தரை தெரிகிறதா, கழுவுகிறவரின் கை எல்லா மூலைக்கும் எட்டுகிறதா என்ற மூன்று கேள்விகளைத் திட்ட ஆய்வுப் படிவத்திலும் கொத்தனாரின் பேச்சிலும் சேர்த்துவிட்டால், சிறிய அறை பெரிதாகத் தோன்றுகிறதா என்ற கேள்வி தேவையற்றதாகிவிடும். அங்கே நிற்பவருக்கு இடம் கிடைத்திருக்கும். கிடைத்த இடத்தை யாரும் தோற்றம் என்று சொல்ல முடியாது.